என் ஊருக்கு அடியில் ஓர் ஊர்

சித்திரை பிறந்தால் எங்கள் தெருவுக்குப் பலாப்பழ வாசனை வந்துவிடும். பண்ருட்டிப் பக்கத்துப் பழம். தலையில் சும்மாடு வைத்து, அதன்மேல் கூடையைச் சுமந்துகொண்டு ஓர் ஆயா வருவார். தென்னார்க்காட்டில் பாட்டியை ஆயா என்போம். எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்ற வேப்பமரத்து நிழலில் கூடையை இறக்கி, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, பழத்தைப் பிளந்து சுளை எடுப்பார். கை அதன்பாட்டுக்கு வேலை செய்யும். கண் மட்டும் தெருவைச் சுற்றி வரும்.

"இந்தா, இந்தக் குழாயடி இருக்குதே, இங்கதான் எங்க களம். அந்தப் பள்ளிக்கூடத்துச் செவுரு ஓரமா எங்க மாமனாரு வூடு. நடுவுல ஒரு புளியமரம் நின்னுச்சு சாமி. ஊரே அதுங்கீழதான் படுக்கும்."

எனக்கு அப்போது ஒன்பது வயது. நான் கண்விழித்த நாளிலிருந்து அந்தத் தெரு தெருவாகத்தான் இருந்தது. நேர்கோட்டில் வீடுகள், வீட்டுக்கு வீடு ஒரே மாதிரிக் கதவு, அகலமான தார்ச்சாலை, இரண்டு பக்கமும் மரங்கள். அதற்கு முன்னால் அங்கே ஒரு களமும் புளியமரமும் மாமனார் வீடும் இருந்திருக்கும் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. ஆயா கதை சொல்கிறார் என்று நினைத்துச் சுளையைத் தின்றேன்.

அறுபது வயதைத் தாண்டிவிட்ட இன்று, நெய்வேலி என்றால் என் மனத்தில் முதலில் வந்து கூடையை இறக்குகிறவர் அவர்தான். சுரங்கமும் மின்நிலையமும் அப்பாவின் ஷிப்ட் சைக்கிளும் அவருக்குப் பிறகே வருகின்றன.

அப்பா சொல்லிக் கேட்ட முதல் கதை ஜம்புலிங்க முதலியாருடையது. 1930களில் அவர் தம் நிலத்தில் கிணற்றுக்காகத் துளை போட்டபோது, தண்ணீரோடு கறுப்பாய் ஏதோ துகள் மேலே வந்தது. வேறொருவராக இருந்தால் குழியை மூடிவிட்டு நாலடி தள்ளித் தோண்டியிருப்பார். இவர் அதை எடுத்துக்கொண்டு அரசாங்கத்தின் கதவைத் தட்டினார். கரி எடுப்பதற்காகத் தம் 620 ஏக்கர் நிலத்தைக் கொடுத்தவர் என்று நெய்வேலியில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். 1940களில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அந்தப் பகுதியில் துளையிட்டுப் பார்த்து, பூமிக்கடியில் பழுப்பு நிலக்கரி ஏராளமாக இருப்பதை உறுதி செய்தது.

அந்தச் செய்தி சென்னை மாகாணத்துக்கு எவ்வளவு பெரியது என்று இன்றைக்கு விளக்கித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் பக்கத்தில் கருநிலக்கரி கிடையாது. ரயிலுக்கும் ஆலைக்கும் மின்சாரத்துக்கும் வங்காளம், பீகார் என்று தொலைவிலிருந்து கரி வர வேண்டும். மேட்டூரில் மழை பொய்த்தால் மின்சாரம் பொய்க்கும். ஆகவே நெய்வேலி காமராஜருக்கும் அவர் தலைமுறைக்கும் ஒரு கனவாகவே இருந்தது. 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானது. 1957 மே 20 அன்று நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார்.

"தொடங்கினதும் கரி வந்துடுச்சுன்னு நினைக்காதே. நாலு வருஷம் வெறும் மண்ணைத்தான் வெட்டினாங்க" என்பார் அப்பா. 1961இல்தான் கரி கண்ணில் பட்டது. அப்பா 1959இல் வேலைக்குச் சேர்ந்தவர். கரி கிடைக்குமா, இல்லை இவ்வளவு பெரிய பள்ளம் பள்ளமாகவே நின்றுவிடுமா என்று தொழிலாளிகள் டீக்கடையில் பேசிக்கொண்ட காலத்தை அவர் கடைசிவரை மறக்கவில்லை. கரி தெரிந்த அன்று பார்த்தவர்கள் ஆளுக்கொரு துண்டை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார்களாம்.

அப்படி ஒரு துண்டு எங்கள் வீட்டிலும் இருந்தது. பிற்பாடு ஒருநாள் அப்பா எனக்காகக் கொண்டுவந்தது. கறுப்பு என்று சொல்ல முடியாது, நனைந்த மரப்பலகையின் நிறம். உற்றுப் பார்த்தால் மரத்தின் நரம்பு அப்படியே தெரியும். விரலால் தடவினால் ஈரம். நெய்வேலிக் கரியின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான் என்று அப்பா சொன்னார். அதை ஜன்னல் திட்டில் வைத்தேன். ஒரு வாரத்தில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்பு விட்டது. ஒரு மாதத்தில் தொட்டால் உதிர்ந்தது. கோடிக்கணக்கான வருஷங்கள் மண்ணுக்குள் மரமாகவே கிடந்த ஒன்று என் கண்முன்னே தூளாகிவிட்டதே என்று அழுதேன். அம்மா அதைக் கூட்டி அள்ளி, அடுப்பில் போட்டுவிட்டார்.

சுரங்கத்தை முதலில் பார்த்தது அப்பாவின் தோளில் உட்கார்ந்து. நிலக்கரிச் சுரங்கம் என்றால் குகை மாதிரி, உள்ளே விளக்கோடு போவார்கள் என்று பாடப் புத்தகத்துப் படம் நினைக்க வைத்திருந்தது. நெய்வேலியில் வானம் பார்த்த பள்ளம். படிப்படியாக இறங்கிக்கொண்டே போகும். ஒவ்வொரு படியிலும் ஜெர்மனியிலிருந்து வந்த பக்கெட் வீல் இயந்திரம் ஒன்று நிற்கும். கோயில் தேரைப் படுக்கவைத்து அதன் சக்கரத்தில் அண்டா அண்டாவாகக் கட்டித் தொங்கவிட்டது போல இருக்கும். சக்கரம் சுழலச் சுழல ஒவ்வோர் அண்டாவும் மண்ணைக் கொறித்து அள்ளி பெல்ட்டில் கொட்டும். கடலூர் மணற்பாறை இரும்பையே தின்றுவிடும் ஜாதி. ஆரம்பத்தில் அண்டாவின் பற்கள் மழுங்கிப்போக, பாறையை வெடிவைத்துத் தளர்த்தியும் பற்களை மாற்றியும் நம் ஆட்கள்தான் அந்த இயந்திரங்களை இந்த மண்ணுக்குப் பழக்கினார்கள்.

அப்பாவுக்கு பெல்ட்டில் வேலை. மைல் கணக்கில் ஓடும் பெல்ட்டுக்கு அடியில் ஆயிரக்கணக்கான ரோலர்கள். அதில் ஒன்று இறுகி நின்றுவிட்டால், உராய்ந்து சூடேறித் தீப்பிடிக்கும். ஓடும் பெல்ட்டின் ஓரமாக நடந்துபோய், சத்தத்தை வைத்தே எந்த ரோலர் நோகிறது என்று அப்பா கண்டுபிடிப்பார். 'நோகிறது' என்பதுதான் அவர் சொல். மழைக்காலத்தில் களிமண் பெல்ட்டில் அப்பிக்கொண்டால் இரவு ஷிப்ட் முழுக்க அதைச் சுரண்டுவதுதான் வேலை. விடிந்து வீடு வந்து குளித்த பிறகும் காது மடலுக்குள் செம்மண் இருக்கும். அம்மா முந்தானை நுனியால் துடைத்துவிடுவார்.

அந்தப் பள்ளத்தின் உண்மையான எதிரி பாறை இல்லை, தண்ணீர். கரிப்படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு ஒரு பெரிய நீரூற்று இருக்கிறது. மேலே உள்ள மண்ணின் பாரம்தான் அதை அமுக்கி வைத்திருந்தது. மண்ணை எடுத்துவிட்டால் தண்ணீர் தரையைப் பிளந்துகொண்டு வந்து சுரங்கத்தையே மூழ்கடித்துவிடும். ஆகவே சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு, இரவு பகல், தீபாவளி பொங்கல் பாராமல் நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பம்பு நின்றால் சுரங்கம் இல்லை.

இதை அப்பா சொன்னபோதுதான் ஆயா சொன்னது ஞாபகம் வந்தது. "எங்க தோட்டத்துல தண்ணி தானாப் பொங்கி வழியும் சாமி. ஏத்தமும் கெடையாது, கவலையும் கெடையாது." கவலை என்றால் மனக்கவலை என்றே அன்று எடுத்துக்கொண்டேன். மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை என்பது வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது. ஆயா இரண்டையும் சேர்த்துத்தான் சொல்லியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அவர் தோட்டத்தில் தானாய்ப் பொங்கிய தண்ணீரும் அப்பாவின் சுரங்கத்தில் இறைத்துக் கொட்டிய தண்ணீரும் ஒரே தண்ணீர். சுரங்கத்துக்காக ஊற்றின் அழுத்தம் குறைக்கப்பட்டதும் தோட்டத்துக் குழாய்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின.

நிறுவனம் கட்டிய டவுன்ஷிப்பில் வளர்ந்தவர்களுக்கு ஊர் என்பது ஓர் எண். "எந்த பிளாக்?" என்றுதான் கேட்டுக்கொள்வோம். ஒரே வரிசையில் தஞ்சாவூர்க்காரர், திருநெல்வேலிக்காரர், மலையாளி, தெலுங்கர். யார் வீட்டில் என்ன சமையல் என்பது மூன்று வீடு தாண்டி மணக்கும். ரஷ்யர் உதவியோடு கட்டிய அனல்மின் நிலையத்தில் முதல் அலகு 1962இல் ஓடத் தொடங்கியது. 1970இல் 600 மெகாவாட் முழுதாக நிறைந்தது. அந்தக் காலத்தில் கடைத்தெருவில் ரஷ்யப் பெண்கள் கத்தரிக்காய் பேரம் பேசுவதை வேடிக்கை பார்த்திருக்கிறோம். காய்கறிக்காரம்மா தமிழில் விலை சொல்வார், அவர்கள் விரலால் விலை சொல்வார்கள். எப்படியோ முடிந்துவிடும்.

வீட்டின் அளவு பதவியைப் பொறுத்தது. பெரிய அதிகாரிகளின் பங்களாத் தெருவுக்குள் சைக்கிளை மிதிக்கும்போது எங்களை அறியாமல் மணியடிப்பதை நிறுத்திவிடுவோம். ஆனாலும் பள்ளிக்கூடத்தில் அதிகாரி மகனும் பெல்ட் தொழிலாளி மகனும் ஒரே பெஞ்சு. எங்கள் அப்பாக்களில் பலர் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர்கள். பிள்ளைகள் இஞ்சினியர்களும் ஆசிரியர்களும் ஆனோம். அந்தப் பள்ளம் எனக்குக் கொடுத்ததை நான் மறைக்க மாட்டேன். என் சோறும் புத்தகமும் அங்கேயிருந்து வந்தவை.

சமையலறையின் நடுவில் லெகோ அடுப்பு. கரியைப் பொடித்து, அச்சில் அழுத்தி, காற்றில்லாமல் சுட்டு எடுக்கும் கட்டிக்கு லெகோ என்று பெயர். நெய்வேலித் தொழிற்சாலையில் 1960களின் நடுவில் தயாராகத் தொடங்கியது. விறகு போலப் புகையாது, கண் எரியாது. பற்றவைப்பதுதான் பாடு. அடியில் தேங்காய் மட்டையை வைத்துக் கொளுத்தி, மேலே லெகோவை அடுக்கி, பனையோலை விசிறியால் அம்மா விசிறுவார். முதலில் ஒரு தார் நெடி எழும், பிறகு அடங்கும். ஒருமுறை கனிந்துவிட்டால் சோறு, குழம்பு, ராத்திரிப் பால் வரை அதே கங்கில் ஆகிவிடும். கேஸ் வந்து எவ்வளவோ வருஷம் ஆகியும், சாம்பல் பூத்த கங்கின் செம்மையைப் போல அழகான ஒன்றை நான் வேறு எந்த அடுப்பிலும் பார்த்ததில்லை.

கங்கைப் பற்றிப் பேசும்போது வடலூரை விட்டுவிட முடியாது. நெய்வேலிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. தைப்பூசத்துக்கு அம்மா எங்களை அழைத்துக்கொண்டு போவார். ஞானசபையில் ஜோதி தரிசனம் முடிந்து தருமசாலைக்குப் போனால், 1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு அணையாமல் எரிந்துகொண்டிருக்கும். பசித்து வந்தவர் யாராக இருந்தாலும் சோறு. அந்தச் சாலைக்கும் சபைக்கும் நிலம் கொடுத்தவர்கள் பார்வதிபுரத்து மக்கள். 80 காணி. ஊரார் கூடி, வள்ளலார் கேட்டதற்காகத் தாங்களே எழுதிக்கொடுத்தது.

ஒரே வட்டாரத்தில் இரண்டு நெருப்பு. இரண்டுக்கும் மக்கள் நிலத்தைத்தான் தந்தார்கள். வடலூரில் மனமுவந்து கொடுத்தார்கள், எரிவது எதற்காக என்பதும் கண்ணெதிரே தெரிந்தது. நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் போல முன்வந்து கொடுத்தவர் உண்டு. மற்றவர்களிடமிருந்து சட்டப்படி எடுக்கப்பட்டது. அவர்களுடைய நிலத்திலிருந்து கிளம்பிய மின்சாரம் சென்னைக்கும் கோவைக்கும் போய் விளக்கேற்றியது. மாடு கன்றோடு கிளம்பிப்போன இடத்தில் அவர்களுக்குச் சிம்னி விளக்குத்தான் நெடுநாள் துணையாக இருந்தது.

முந்திரிக்காடும் பலாவும் கம்பும் கேழ்வரகும் விளைந்த செம்மண் பூமி அது. கிராமம் கிராமமாகக் கிளம்பினார்கள். கூரையைப் பிரித்து மூங்கிலையும் கதவையும் வண்டியில் ஏற்றினார்கள். குலதெய்வத்தின் கல்லையும் பிடிமண்ணையும் எடுத்துப்போய், புது இடத்தில் வைத்துப் பொங்கலிட்டார்கள். 1978இல் இரண்டாம் சுரங்கத்துக்கு ஒப்புதல் வந்தது. மீண்டும் அதே வண்டிகள். நிலம் கொடுத்தவர்களில் சிலருக்கு நிரந்தர வேலை கிடைத்தது. நிறையப் பேர் தங்கள் நிலம் இருந்த இடத்திலேயே ஒப்பந்தத் தொழிலாளிகளாகத் தினக்கூலிக்கு மண் அள்ளினார்கள். நிரந்தரம் கேட்டு அவர்கள் நடத்திய போராட்டங்கள் ஒரு தலைமுறையைத் தாண்டியும் ஓயவில்லை. 2020இல் மே மாதமும் ஜூலை மாதமும் இரண்டாம் அனல்மின் நிலையத்துக் கொதிகலன்கள் வெடித்தபோது, இறந்தவர்களில் ஒப்பந்தத் தொழிலாளிகளும் இருந்தார்கள்.

புலம்பெயர்ந்தவர்களைப் பற்றி நாம் பேசும்போது, 'சொந்த மண்' ஊரில் பத்திரமாக இருக்கிறது, மனிதன்தான் வந்துவிட்டான் என்றுதான் நினைக்கிறோம். இவர்கள் கதை வேறு. இங்கே மண்ணே கிளம்பிப் போய்விட்டது. பக்கெட் வீல் வெட்டியது, பெல்ட் சுமந்தது, ஸ்பிரெட்டர் வேறோரிடத்தில் மலையாய்க் கொட்டியது. கொட்டும்போது மேல்மண்ணும் அடிமண்ணும் புரண்டுவிடும். உழுது உழுது தாத்தாக்கள் பதப்படுத்திய மண் எங்கோ அடியில். சூரியனையே பார்த்திராத களியும் மணலும் மேலே. அந்த மேடுகளில் பிறகு மரம் நட்டார்கள், இன்று காடாக நிற்கின்றன. ஆனால் "இதுதான் எங்கள் கொல்லை" என்று கால் வைத்து நிற்க ஓர் அடி இடம் கிடையாது. ஆயாவுக்காவது களம் இருந்த இடத்தைக் குழாயடி என்று காட்ட முடிந்தது. சுரங்கத்துக்குள் போன ஊர்க்காரர் எதைக் காட்டுவார்? வெறும் காற்றைத்தான் காட்ட முடியும்.

இது பழங்கதை என்று நினைத்திருந்தேன். 2023 ஜூலையில் நெய்வேலிப் பக்கத்து வளையமாதேவியில், பச்சையாய் நின்ற நெற்பயிருக்குள் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். சுரங்கத்துக்காகப் பரவனாற்றுக்கு மாற்றுவழி வெட்டும் வேலை. நிலம் பல வருஷங்களுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றார்கள். பயிர் அந்த வருஷத்தது. வரப்பில் நின்று அழுத பெண்களில் ஒருவர், சுளை எடுக்கும்போது ஆயா வைத்துக்கொள்ளும் அதே மாதிரி, இரண்டு கையையும் விரித்தபடி நின்றார். நான் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தேன்.

எங்கள் ஊரும் இப்போது கரைகிறது. 1960களின் உரத் தொழிற்சாலையும் லெகோ தொழிற்சாலையும் மூடி வருஷங்களாகின்றன. அப்பாவின் சுரங்கத்துக் கரியை முதலில் எரித்த அனல்மின் நிலையம், ஐம்பத்தெட்டு வருஷம் ஓடி, 2020 செப்டம்பரில் நின்றது. 2011 டிசம்பர் 30 அன்று வந்த தானே புயல், டவுன்ஷிப்பின் முதல் தலைமுறை நட்ட மரங்களை வேரோடு சாய்த்தது. எங்கள் வேப்பமரமும் அந்தப் புயலில்தான் போனது. பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் அதே புயலில் போயின. புயலுக்கு டவுன்ஷிப் என்றும் கிராமம் என்றும் பேதம் தெரியவில்லை.

குவார்ட்டர்ஸ் வாழ்க்கையின் சட்டம் ஒன்று உண்டு. ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். முப்பது வருஷம் அம்மா கோலம் போட்ட வாசலை அப்பா சாவியோடு ஒப்படைத்துவிட்டு வந்தார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடுத்து வரும் தொழிலாளிக்கு வீடு வேண்டும். ஆனால் டவுன்ஷிப் பிள்ளைகள் யாருக்கும் திரும்பிப்போக ஒரு வீடு அங்கே இல்லை. நான் போனால் தெருவில் நின்று பார்த்துவிட்டு வரலாம். உள்ளிருந்து எட்டிப் பார்க்கும் குழந்தைக்கு நான் யார் என்று தெரியாது. "இந்த ஜன்னல் திட்டுலதான் ஒரு கரித்துண்டு வெச்சிருந்தேன்" என்று சொன்னால், கதை சொல்கிறேன் என்றே அது நினைக்கும்.

அப்படி ஒருமுறை நின்றபோதுதான் ஆயா எங்கள் வேப்பமரத்தடியில் எதற்காக உட்கார்ந்தார் என்பது உறைத்தது. பழத்தை பஜாரில் வைத்தால் சீக்கிரம் விற்றிருக்கும். அவர் தம் தெருவுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார்.

டவுன்ஷிப்புக்குள் ஓர் இடம் மட்டும் பழைய பெயரோடு நிற்கிறது. வில்லுடையான்பட்டு. ஊர் போய்விட்டது, கையில் வில்லேந்திய முருகன் மட்டும் தன் இடத்தை விட்டு நகரவில்லை. பங்குனி உத்திரத்துக்குக் காவடிகள் அங்கேதான் வரும். சின்ன வயதில் எங்களுக்கு அது ராட்டினமும் பஞ்சுமிட்டாயும். போன வருஷம் போயிருந்தபோதுதான் வந்தவர்களைக் கவனித்தேன். மஞ்சள் துணியில் ஊர்ப்பெயர் எழுதிப் பிடித்துக்கொண்டு கூட்டம் கூட்டமாக வந்தார்கள். பம்பையும் உடுக்கையும் முழங்கின. சில பெயர்களை இன்றைய பேருந்துப் பலகைகளில் பார்க்க முடியாது. அந்த ஊர்கள் பள்ளத்துக்குள் போய் நாற்பது, ஐம்பது வருஷமாகிறது. பேரப்பிள்ளைகள் சுமந்து வருகிறார்கள். அந்த ஊரில் ஒருநாள்கூட வசித்திராத பிள்ளைகள்.

நீர்மோர்ப் பந்தலில் ஒரு முதியவர் டம்ளரை நீட்டிக்கொண்டே கேட்டார். "எந்த ஊரு தம்பி?"

நெய்வேலி என்றேன்.

"நெய்வேலிதான். அதுல எந்த ஊரு?"

பிளாக் எண்ணைச் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அவர் கேட்டது அதுவன்று. எங்கள் தெருவுக்கு அடியில் இருந்த ஊரை. களமும் புளியமரமும் மாமனார் வீடும் எனக்குத் தெரியும். அந்த ஊருக்கு என்ன பெயர் என்று அத்தனை சித்திரையில் ஒருமுறைகூட ஆயாவை நான் கேட்டதில்லை. அவர் பெயரையும் கேட்டதில்லை.

டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பந்தலின் ஓரமாக நகர்ந்தேன். காவடிகள் வந்துகொண்டே இருந்தன. வெயில் ஏறி, மோர் சூடாகும்வரை, ஒவ்வொரு மஞ்சள் துணியிலும் இருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.